டோனி பென் மாற்றிய விதிகளும் அவற்றால் பயனடைந்தவர்களும்

பிரிட்டனின் தொழிற்கட்சிக்காரர் டோனி பென் 1950 முதல் 2001 வரை, நடுவில் விழுந்த சில இடைவெளிகள் போக, நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையான காமன்ஸ் சபையில் இருந்தார். பிரதமர் ஆகவில்லை. கட்சித் தலைவர் ஆகவில்லை. துணைத் தலைவர் பதவிக்குக்கூட மோதிப் பார்த்துத் தோற்றார். இப்படிச் சொன்னால், நெடுநாள் இருந்து ஓய்ந்துபோன ஓர் எம்.பி.யின் கதைபோலத் தெரியும். ஆனால் பரம்பரைப் பட்டத்தைத் துறக்கும் உரிமை, நாடு முழுவதும் நடக்கும் பொது வாக்கெடுப்பு, தொழிற்கட்சித் தலைவரை எம்.பி.க்களோடு சேர்ந்து தொண்டர்களும் தொழிற்சங்கங்களும் தேர்ந்தெடுக்கும் முறை ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டால், மூன்றிலும் அவருடைய கை இருக்கிறது. பதவிக்கான போட்டிகளைவிட விதிகளுக்கான போட்டிகளில்தான் அவர் அதிகம் ஜெயித்தார். ஜெயித்த ஒவ்வொரு விதியும் அமலுக்கு வந்த பிறகு யாருக்கு உதவியது என்று பார்த்தால் சிரிப்பும் வரும், பரிதாபமும் வரும். இந்த ஆய்வு முக்கியமாக அதைப் பற்றியதுதான்.

பட்டம் துரத்திய எம்.பி.

பென்னின் தாத்தாக்கள் இருவருமே எம்.பி.க்கள். அப்பா வில்லியம் வெட்ஜ்வுட் பென் 1906-ல் லிபரல் கட்சி சார்பில் சபைக்குள் வந்தவர். 1920களின் பிற்பகுதியில் தொழிற்கட்சிக்கு மாறினார். இந்திய வரலாறு படித்தவர்கள் இந்தப் பெயரை எங்கோ கடந்திருப்பார்கள். 1929 முதல் 1931 வரை ராம்சே மெக்டொனால்ட் அரசில் இந்தியாவுக்கான அமைச்சர் அவர்தான். இந்தியாவுக்கு டொமினியன் அந்தஸ்து தருவதே இலக்கு என்று வைஸ்ராய் இர்வின் 1929 அக்டோபரில் அறிவித்தபோது, லண்டனில் அந்தத் துறை அவர் கையில் இருந்தது. 1931-ல் லண்டன் வந்த காந்தியை ஆறு வயதுப் பையனாகச் சந்தித்ததை டோனி பென் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1942-ல் அப்பாவுக்கு ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட் என்ற பிரபு பட்டம் கிடைத்தது. தியாகத்துக்கோ சேவைக்கோ கிடைத்த விருது அல்ல. மேல்சபையான பிரபுக்கள் சபையில் தொழிற்கட்சிக்கு ஆள் பற்றாக்குறை. அதை நிரப்ப அனுப்பினார்கள். பட்டம் பரம்பரையாக மூத்த மகனுக்குப் போகும். மூத்தவர் மைக்கேல் பாதிரியார் ஆக நினைத்திருந்ததால் அவருக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் விமானப்படையில் விமானியாக இருந்த மைக்கேல் 1944-ல் இறந்துவிட்டார். பட்டம் இப்போது அடுத்த மகன் ஆந்தனிக்காகக் காத்திருந்தது. ஆந்தனிதான் பின்னாளில் டோனி.

1950 நவம்பர் 30 அன்று பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதி இடைத்தேர்தலில் 25 வயதில் அவர் ஜெயித்தார். உடல்நலம் கெட்டு அந்தத் தொகுதியை விட்டுப்போனவர் ஸ்டாஃபர்ட் கிரிப்ஸ். 1942-ல் தூதுக்குழுவோடு டெல்லி வந்தாரே, அதே கிரிப்ஸ்.

சிக்கல் இதுதான். பட்டம் வந்த கணமே ஒருவர் பிரபுக்கள் சபைக்கு உரியவர் ஆகிவிடுவார். அதற்கப்புறம் காமன்ஸ் சபையில் இருக்க முடியாது. வேண்டாம் என்று சொல்ல அப்போது சட்டத்தில் வழியே இல்லை. அப்பா உயிரோடு இருக்கும்போதே, 1955-ல், தனி மசோதா மூலம் தப்பிக்கப் பார்த்தார் பென். நடக்கவில்லை. இவ்வளவுக்கும் பழமைவாதக் கட்சிக்காரரான சர்ச்சில் அவருக்கு ஆதரவாக இருந்தார்.

1960 நவம்பர் 17 அன்று அப்பா காலமானார். மகன் அன்றைக்கே இரண்டாவது ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட். பத்து வருடம் எம்.பி.யாக இருந்தவரை, சபாநாயகரின் உத்தரவுப்படி வாயில்காப்போர் அவைக்குள் விடவில்லை. சபையின் உரிமைக் குழு விஷயத்தை ஆராய்ந்து, தொகுதி காலியாகிவிட்டது என்று சொன்னது. சரி, காலி என்றால் இடைத்தேர்தல் வரும் அல்லவா? அந்த இடைத்தேர்தலில் பென்னே மறுபடியும் வேட்புமனு போட்டார். பிரபு வேட்பாளராக நிற்பதை வேட்புமனுக் கட்டத்தில் தேர்தல் அதிகாரியால் தடுக்க முடியவில்லை. இந்தச் சந்துதான் அவருக்குக் கிடைத்த ஒரே வழி.

பழமைவாதக் கட்சி மால்கம் செயின்ட் கிளேர் என்பவரை நிறுத்தியது. அவரும் ஒரு ஸ்காட்லாந்துப் பிரபு பட்டத்துக்கு வாரிசு வரிசையில் இருந்தவர் என்பது இந்த வழக்கின் கொசுறு வேடிக்கை. பென் தகுதியிழந்தவர், அவருக்குப் போடும் ஓட்டு வீண் என்று பழமைவாதிகள் வாக்குச்சாவடிகளில் அறிவிப்பு ஒட்டினார்கள். பயமுறுத்தல்போல இருந்தாலும் அதன் பின்னால் ஒரு சட்டக் கணக்கு இருந்தது. வேட்பாளர் தகுதியில்லாதவர் என்று வாக்காளருக்குத் தெரிந்திருந்தது என நிரூபித்துவிட்டால், அந்த ஓட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவதாக வந்தவரை ஜெயித்தவராக அறிவிக்கலாம். தெரியாமல் போட்டார்கள் என்றால் மறுதேர்தல். அறிவிப்பு ஒட்டியது ஓட்டைத் தடுக்க மட்டும் அல்ல, பின்னால் நீதிமன்றத்தில் காட்டவும்தான்.

1961 மே 4 அன்று பென்னுக்கு 23,275 ஓட்டு. செயின்ட் கிளேருக்கு 10,231. வித்தியாசம் முந்தைய பொதுத்தேர்தலில் கிடைத்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஜூலையில் தேர்தல் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் முன்னால் பென் தன் வழக்கைத் தானே வாதாடினார். தீர்ப்பு அந்தக் கணக்குப்படியே வந்தது. பட்டம் வந்த விஷயம் தொகுதிக்கே தெரியும். ஆகவே 23,275 பேரும் தெரிந்தே ஓட்டை வீசி எறிந்திருக்கிறார்கள். தொகுதி செயின்ட் கிளேருக்கு. வழக்குச் செலவும் பென் தலையில் விழுந்தது.

நீதிபதிகள் சட்டத்தைத் தவறாகப் படித்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இருந்த சட்டத்துக்கு அதுதான் அர்த்தம். ஆனால் அரசியலில் இந்தத் தீர்ப்பு அரசுக்குப் பெரிய தலைவலி ஆனது. இரண்டு மடங்குக்கு மேல் ஓட்டு வாங்கியவர் தெருவில், தோற்றவர் சபையில் என்ற காட்சியை எந்த அரசாலும் ரொம்ப நாள் நியாயப்படுத்த முடியாது. பிரதமர் மேக்மில்லனின் பழமைவாத அரசு இரு சபைகளின் கூட்டுக்குழுவை அமைத்தது, குழு துறக்கும் உரிமையைப் பரிந்துரைத்தது, மசோதா வந்தது. அடுத்த பொதுத்தேர்தலுக்குப் பிறகு இது அமலாகட்டும் என்பதுதான் அரசின் எண்ணம். பிரபுக்கள் சபைதான் உடனடியாக அமலாக வேண்டும் என்று திருத்தியது. இந்தத் திருத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1963 ஜூலை 31 மாலை சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது. 6 மணி 22 நிமிடத்துக்குப் பென் பட்டத்தைத் துறந்துவிட்டார். நாட்டிலேயே முதல் ஆள். செயின்ட் கிளேர் ஏற்கெனவே சொன்ன வாக்கைக் காப்பாற்றிப் பதவி விலகினார். ஆகஸ்ட் 20 இடைத்தேர்தலில் பழமைவாதிகள் ஆளே நிறுத்தவில்லை. பென் திரும்பி வந்தார். சபைக்கு வெளியே இருந்த அந்த இடைவெளியில், கருப்பினத்தவரை வேலைக்கு எடுக்க மறுத்த பிரிஸ்டல் பேருந்து நிறுவனத்துக்கு எதிரான 1963 புறக்கணிப்பை ஆதரித்தவர்களில் அவரும் ஒருவர். தேவைப்பட்டால் சைக்கிள் தேடிக்கொள்கிறேன், பஸ்ஸில் ஏற மாட்டேன் என்றார்.

இப்போது அந்தத் திருத்தத்துக்கு வருவோம். இரண்டே மாதம் கழித்து, அக்டோபரில், மேக்மில்லன் உடல்நலம் கெட்டுப் பதவி விலகினார். அடுத்த பிரதமர் யார் என்ற போட்டியில் இரண்டு பிரபுக்கள் இருந்தார்கள்: ஹெய்ல்ஷாம், பதினான்காவது ஹோம் ஏர்ல். பிரதமர் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்து ஆட்சி நடத்துவது அந்தக் காலத்துக்கு ஒத்துவராது. ஹோம் பிரதமர் ஆனார், பட்டத்தைத் துறந்தார், ஸ்காட்லாந்தில் ஓர் இடைத்தேர்தலில் நின்று காமன்ஸ் சபைக்கு வந்தார். பென் மூன்று வருடம் முட்டி மோதித் திறந்த கதவு வழியாக முதலில் பிரதமர் நாற்காலிக்குப் போனது பழமைவாதக் கட்சிக்காரர். அரசின் முதல் எண்ணப்படி சட்டம் தள்ளிப்போயிருந்தால் இது நடந்திருக்காது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் தந்தது துறப்பவரின் ஆயுள் வரைக்குமான விடுதலை மட்டும். பட்டம் சாவதில்லை, தூங்குகிறது. 2014-ல் பென் இறந்ததும் அது மூத்த மகன் ஸ்டீஃபனிடம் போய் எழுந்துகொண்டது. 2021-ல் அந்த மூன்றாவது வைகவுண்ட், பரம்பரைப் பிரபுக்களுக்கென்று மிச்சம் வைத்திருந்த இடங்களில் ஒன்றில், தொழிற்கட்சி சார்பில் பிரபுக்கள் சபைக்குள் போனார்.

மண்டியிட்ட தபால் அமைச்சர்

1964-ல் தொழிற்கட்சியின் ஹரோல்ட் வில்சன் ஆட்சிக்கு வந்ததும் பென்னுக்குத் தபால்துறை. சின்ன இலாகா என்று நினைத்து ஒதுங்கவில்லை. தபால்தலைகளில் இருந்து ராணியின் தலையை எடுக்க வேண்டும் என்று கிளம்பினார். வடிவமைப்பாளர் டேவிட் ஜென்டில்மேன் தலை இல்லாத மாதிரிகளை வரைந்து கொடுத்தார். 1965 மார்ச்சில் அவற்றைப் பக்கிங்காம் அரண்மனைக்குக் கொண்டுபோன பென், தரையில் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பரப்பி ராணிக்குக் காட்டினார். ராணி மறுப்பேதும் சொல்லவில்லை. பென் ஜெயித்த மகிழ்ச்சியோடு வெளியே வந்தார். அப்புறம் அரண்மனை அதிகாரிகளும் பிரதமர் அலுவலகமும் மெல்ல மெல்ல விஷயத்தை அமுக்கினார்கள். கடைசியில் ராணியின் முகம் ஒரு மூலையில் சின்ன நிழலுருவமாகச் சுருங்கியது. நினைவுத் தபால்தலைகளில் அந்த நிழலுரு பல காலம் நீடித்தது. முழு மாற்றம் கேட்டார், கால் மாற்றம் கிடைத்தது. அந்தக் கால் மாற்றம் நிலைத்தது. அமைச்சராக அவர் செய்த பலவற்றுக்கும் இது பொருந்தும்.

1966 முதல் 1970 வரை தொழில்நுட்ப அமைச்சர். கான்கார்டு விமானத் திட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டது, பிரிட்டிஷ் கணினி நிறுவனங்களை இணைத்து 1968-ல் ஐ.சி.எல். உருவாகக் காரணமானது எல்லாம் அப்போது. இந்தக் காலப் பென் இடதுசாரி அல்ல. பெரிய நிறுவனம், பெரிய இயந்திரம், திறமையான நிர்வாகம் என்று நம்பிய நவீனவாதி.

திசை மாறியது 1970 தேர்தலில் கட்சி தோற்ற பிறகு. 1971-ல் கிளைடு நதிக்கரைக் கப்பல் கட்டும் தளங்கள் மூடப்படும் நிலை வந்தபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. மாறாகத் தளத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். கிளாஸ்கோ ஊர்வலத்தில் முன்னாள் அமைச்சர் பென் முன்வரிசையில் நடந்தார். 1974-ல் தொழில்துறை அமைச்சராகத் திரும்பி வந்து, மெரிடன் கிராமத்தின் டிரையம்ஃப் மோட்டார் சைக்கிள் ஆலைபோன்ற இடங்களில் தொழிலாளர் கூட்டுறவுகளுக்கு அரசுப் பணம் கொடுத்தார். பத்திரிகைகள் அவரைப் பிசாசாகவே வரைந்தன. பொதுவாக வயதாக ஆக இடதிலிருந்து வலதுக்கு நகர்வார்கள். இவர் தலைகீழாக நகர்ந்தார். வயதாக ஆகப் பக்குவம் குறைகிறது என்று வில்சன் குத்திக்காட்டியது இதைத்தான். இதற்கிடையில் வெட்ஜ்வுட் பென் என்ற நீளப் பெயரையும் விட்டுவிட்டு, வெறும் டோனி பென் என்றே கூப்பிடச் சொன்னார்.

ரப்பர் படகு

ஐரோப்பியப் பொதுச்சந்தையில் பிரிட்டன் சேர்வதைப் பற்றி மக்களிடம் நேரடி வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று பென் 1970-லிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அவர் சந்தையில் சேர்வதற்கு எதிரி அல்ல என்பது இங்கே முக்கியம். முடிவை மக்கள் எடுக்க வேண்டும் என்பதுதான் முதல் வாதம். எதிர்ப்பு பிறகு வந்தது. கட்சியின் தேசியக் குழுவில் ஆரம்பத்தில் அவருக்கு ஆதரவே இல்லை. நாடாளுமன்றமே இறுதி அதிகாரம் என்று வளர்ந்த ஊரில் வாக்கெடுப்பு என்பது வெளிநாட்டுச் சரக்கு. கட்சியின் மூத்த தலைவர்களில் ஒருவரான ஜேம்ஸ் கேலகன் மட்டும் வேறு கண்ணோடு பார்த்தார். இது ஒரு சின்ன ரப்பர் மிதவைப் படகு, ஒருநாள் மொத்தக் கட்சியும் இதில் ஏற வேண்டியிருக்கும் என்றார்.

அப்படியே ஆனது. ஐரோப்பா விவகாரத்தில் கட்சி இரண்டாகப் பிளக்கும் அபாயம் வந்தபோது 1972-ல் தொழிற்கட்சி வாக்கெடுப்பை ஏற்றது. அதை எதிர்த்து ராய் ஜென்கின்ஸ் துணைத் தலைவர் பதவியை உதறினார். 1975 ஜூன் 5 அன்று பிரிட்டன் முழுவதற்குமான முதல் வாக்கெடுப்பு நடந்தது. அமைச்சர்கள் எதிரெதிராகப் பிரசாரம் செய்ய வில்சன் அனுமதி கொடுத்தார். வெளியேற வேண்டும் என்ற தரப்பின் முன்னணி முகம் பென். முடிவு: இருக்கலாம் என்று 67.2 சதவீதம்.

தான் கொண்டுவந்த கருவியாலேயே தோற்ற பென், தோல்வியை உடனே ஏற்றுக்கொண்டார். சில நாட்களில் வில்சன் அவரைத் தொழில்துறையிலிருந்து தூக்கி எரிசக்தித் துறைக்கு மாற்றினார்; எரிசக்தியில் இருந்த எரிக் வார்லி தொழில்துறைக்குப் போனார். இந்த வார்லி கதையில் மறுபடியும் வருவார்.

வாக்கெடுப்பு அப்புறம் பிரிட்டிஷ் அரசியலின் பழக்கமாகிவிட்டது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், தேர்தல் முறை, கடைசியில் 2016-ல் மறுபடியும் ஐரோப்பா. பென் 1975-ல் விரும்பிய விடை 41 வருடம் கழித்து 51.9 சதவீதத்தோடு வந்தது. ஆனால் அதை வாங்கித் தந்தது பெரும்பாலும் வலதுசாரிகள். பென்னின் இன்னொரு மகன் ஹிலாரி, ஒப்பந்தம் இல்லாமல் வெளியேறுவதைத் தடுக்கும் சட்டத்தை 2019-ல் முன்மொழிந்தார். ஊடகங்கள் அதைப் பென் சட்டம் என்றே அழைத்தன. அப்பாவின் அரசியலைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயர் கொஞ்சம் இடறியிருக்கும்.

ஒரு சதவீதத்துக்கும் குறைவாக

1976-ல் வில்சன் திடீரென்று விலகியபோது தலைவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் எம்.பி.க்கள் மட்டும். முதல் சுற்றில் பென்னுக்கு 37 ஓட்டு, நான்காவது இடம். விலகி மைக்கேல் ஃபூட்டை ஆதரித்தார். கேலகன் பிரதமர் ஆனார். அதே வருடக் கடைசியில் பன்னாட்டு நிதியத்திடம் கடன் வாங்க அரசுச் செலவை வெட்ட வேண்டிய நிலை வந்தது. அமைச்சரவையில் பென் 1931-ன் அமைச்சரவைக் குறிப்புகளை நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். அன்றைக்கும் இதே மாதிரிச் செலவுக் குறைப்பில்தான் தொழிற்கட்சி அரசு உடைந்தது, பாருங்கள் என்று. அந்த 1931 அமைச்சரவையில் அவருடைய அப்பாவும் இருந்தார். சகாக்கள் படித்தார்கள், வெட்டுக்கே ஓட்டுப் போட்டார்கள்.

அமைச்சரவையில் வாதாடித் தோற்பது, வெளியே வந்து அதே முடிவை விமர்சிப்பது, ஆனால் ராஜினாமா செய்யாமல் இருப்பது: 1979 வரை பென் இப்படித்தான் ஓட்டினார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு ஒட்டாத பகுதி இது. ஒன்று உள்ளே இருந்து பொறுப்பேற்க வேண்டும், அல்லது வெளியேற வேண்டும். அவர் தரப்பு விளக்கம், என்னை அனுப்பியது கட்சி மாநாடு, நான் பதில் சொல்ல வேண்டியது அங்கே என்பது. அந்த விளக்கத்தைச் சட்டமாக்குவதுதான் அவருடைய அடுத்த வேலையாக இருந்தது.

1979-ல் தாட்சர் ஜெயித்த பிறகு தொழிற்கட்சிக்குள் நடந்தது கொள்கைச் சண்டையைவிட அமைப்பு விதிச் சண்டைதான். ஒவ்வொரு எம்.பி.யும் ஒவ்வொரு தவணையிலும் தொகுதிக் கட்சியிடம் திரும்ப வந்து மறுதேர்வு பெற வேண்டும். தலைவரைக் கட்சி முழுவதும் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தக் கோரிக்கைகளைப் பல வருடம் ஊர் ஊராகத் தீர்மானம் போட்டு நகர்த்தியவர்கள் கட்சியின் சாதாரணத் தொண்டர்கள். பென் அவர்களின் குரல். இதில் ஒரு பழைய பிரிஸ்டல் வாசனை உண்டு. 1774-ல் அதே பிரிஸ்டலின் எம்.பி.யாகத் தேர்வான எட்மண்ட் பர்க், நான் உங்கள் கட்டளையை நிறைவேற்றும் ஏவலாள் அல்ல, என் சொந்த அறிவைப் பயன்படுத்தத்தான் என்னை அனுப்புகிறீர்கள் என்று வாக்காளர்களிடமே சொன்னவர். ஆறு வருடத்தில் தொகுதியையும் இழந்தார். பென் நின்றது நேர் எதிர்ப்பக்கம்.

1981 ஜனவரி 24 அன்று வெம்ப்ளி சிறப்பு மாநாட்டில் புதிய முறை நிறைவேறியது. தலைவரையும் துணைத் தலைவரையும் ஒரு தேர்வுக்குழாம் தேர்ந்தெடுக்கும்: தொழிற்சங்கங்களுக்கு 40 சதவீதம், எம்.பி.க்களுக்கு 30, தொகுதிக் கிளைகளுக்கு 30. அடுத்த நாளே ஜென்கின்ஸ் உள்ளிட்ட நால்வர், கட்சியிலிருந்து பிரிவதற்கான முதல் படியாக, லைம்ஹவுஸ் அறிக்கையை வெளியிட்டார்கள். மார்ச்சில் அவர்களின் சோஷியல் டெமாக்ரடிக் கட்சி பிறந்தது.

இந்த முறை வருவதற்குச் சில வாரம் முன்னால்தான் எம்.பி.க்கள் பழைய முறையில் ஃபூட்டைத் தலைவர் ஆக்கியிருந்தார்கள். ஃபூட்டும் இடதுசாரி, அவரோடு மோத முடியாது. பென் துணைத் தலைவர் பதவியைக் குறிவைத்தார். அதில் இருந்தவர் டெனிஸ் ஹீலி, முன்னாள் நிதியமைச்சர், 1976 வெட்டுகளின் முகம். வேண்டாம் என்று நண்பர்களே கேட்டும், ஏப்ரல் 2 விடியற்காலை மூன்றரை மணிக்கு, காமன்ஸ் சபை இரவுக்கூட்டத்தின் நடுவில், பென் போட்டியை அறிவித்தார். ஆறு மாதம் நாடு முழுக்க மேடை மேடையாக ஏறினார். நடுவில் குய்லான்-பாரே என்ற நரம்பு நோய் தாக்கி மருத்துவமனையிலும் கிடந்தார்.

செப்டம்பர் 27, பிரைட்டன். முதல் சுற்றில் ஹீலி 45.4, பென் 36.6, மூன்றாமவரான ஜான் சில்கின் 18. சில்கின் வெளியேற இரண்டாவது சுற்று. போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம், நாட்டிலேயே பெரியது, முதல் சுற்றில் சில்கினுக்குப் போட்டது. இரண்டாவதில் தன் மொத்த ஓட்டையும் பென்னுக்குத் திருப்பியது. இத்தனைக்கும் உறுப்பினர்களிடம் எடுத்த கருத்துக்கேட்பு ஹீலி பக்கம் இருந்தது. பொதுத்துறை ஊழியர் சங்கமான நூப் இடதுசாரித் தலைமை கொண்டது. ஆனால் கிளைகளில் வாக்கெடுப்பு நடத்தி, முடிவு ஹீலி என்று வந்ததால் ஹீலிக்கே போட்டது. தொண்டர்களைக் கேள் என்று வாழ்நாள் முழுவதும் சொன்னவரை, தொண்டர்களைக் கேட்ட சங்கம் கவிழ்த்தது. கேட்டும் காதில் வாங்காத சங்கம் தூக்கிவிட்டது.

தொகுதிக் கிளைகளில் ஐந்தில் நான்குக்கு மேல் பென். எம்.பி.க்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஹீலி. மொத்தக் கணக்கு ஹீலி 50.426, பென் 49.574. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. இரண்டாவது சுற்றில் ஒரு கூட்டம் இடதுசாரி எம்.பி.க்கள் யாருக்கும் போடாமல் ஒதுங்கியதுதான் முடிவைத் தீர்மானித்தது. அவர்களில் ஒருவர் நீல் கின்னக். ஹீலிக்குப் போட்ட சிலரோ, அடுத்த சில மாதங்களில் கட்சியை விட்டே ஓடினார்கள்.

தொழிற்கட்சி 1983-ல் 27.6 சதவீத ஓட்டுக்குச் சரிந்ததற்குப் பென்தான் காரணம் என்று இன்றும் பலர் சொல்வார்கள். பாதிதான் சரி. பிளவு அவர் போட்டியை அறிவிக்கும் முன்பே நடந்துவிட்டது. 1982-ல் தாட்சரின் செல்வாக்கைக் கூட்டிய ஃபாக்லாந்து போர் அவர் கையில் இல்லை. ஆனால் வேலையில்லாதவர் எண்ணிக்கை 30 லட்சத்தை நெருங்கிய ஒரு வருடத்தில், எதிர்க்கட்சியின் பாதி ஆண்டை அதிகாரமே இல்லாத ஒரு துணைப் பதவிக்கான சண்டையில் கரைத்ததற்கு அவர் பொறுப்பு. தேர்தலுக்குப் பிறகும் 85 லட்சம் பேர் சோசலிசத் தேர்தல் அறிக்கைக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று எழுதி மகிழ்ந்தார். எண்ணிக்கை சரி. அதை வெற்றியாகப் படித்ததுதான் விசித்திரம்.

அந்தத் தேர்தலில் அவரும் தோற்றார். தொகுதி எல்லைகள் மாறிப் பழைய தொகுதி மறைந்தது. வேறு பாதுகாப்பான இடம் தேடாமல் பிரிஸ்டலிலேயே நின்றார், விழுந்தார். ஃபூட் விலகியதும் தேர்வுக்குழாம் முதன்முறையாக ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்தது. எம்.பி. அல்லாத பென் நிற்கவே முடியாது. ஜெயித்தவர், 1981-ல் ஒதுங்கிய கின்னக்.

செஸ்டர்ஃபீல்டு, பிறகு

1984 மார்ச் 1 அன்று செஸ்டர்ஃபீல்டு இடைத்தேர்தலில் பென் சபைக்குத் திரும்பினார். சுரங்கத் தொழிலாளர் ஊர். தொகுதியைக் காலி செய்து கொடுத்தவர், 1975-ல் அவரோடு துறை மாற்றிக்கொண்ட அதே எரிக் வார்லி. ஜெயித்த சில நாட்களில் சுரங்க வேலைநிறுத்தம் தொடங்கியது. அந்த ஒரு வருடமும் அவர் மறியல் வரிசையில்தான். 1988-ல் கின்னக்கை எதிர்த்துத் தலைவர் பதவிக்கு நின்றபோது கிடைத்தது 11 சதவீதம் சொச்சம். ஏழு வருடத்தில் ஐம்பதிலிருந்து பதினொன்று. அதற்குப் பிறகு பதவி என்ற பேச்சே இல்லை.

அந்தக் கடைசிப் பதிமூன்று வருடத்தில்தான் ஊர் அவரை ரசிக்க ஆரம்பித்தது. பைப், பெரிய மக்கில் தேநீர், தினமும் ராத்திரி டேப் ரெக்கார்டரில் பேசிப் பதிவு செய்யும் நாட்குறிப்பு. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரவில் பெண் வாக்குரிமைப் போராளி எமிலி டேவிசன் நாடாளுமன்றக் கட்டடத்தின் நிலவறைத் தேவாலய அலமாரி ஒன்றில் ஒளிந்திருந்தார். முகவரி காமன்ஸ் சபை என்று பதிவாக வேண்டும் என்பதற்காக. அந்த அலமாரியின் கதவுக்குள் பென் ஒரு தகடு பொருத்தினார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இப்படிப் பல தகடுகளைத் திருட்டுத்தனமாக நானே திருகாணி போட்டு மாட்டியிருக்கிறேன் என்று பிற்பாடு சபையிலேயே சொன்னார். முன்னாள் அமைச்சர் ஒருவர் ஸ்குரூ டிரைவரோடு நிலவறைக்குள் நுழைவதை நினைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

அதிகாரத்தில் இருப்பவரிடம் கேட்க அவர் ஐந்து கேள்வி வைத்திருந்தார். உன்னிடம் என்ன அதிகாரம் இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது, யார் நலனுக்காகப் பயன்படுத்துகிறாய், யாருக்குப் பதில் சொல்வாய், உன்னை எப்படி நீக்குவது. 1961-ல் வாசலில் நிறுத்தப்பட்டவருக்கு ஐந்தாவது கேள்விதான் பிரதானமாகப் பட்டிருக்கும். 2001-ல், அரசியலுக்கு அதிக நேரம் ஒதுக்கப் போகிறேன் என்று சொல்லி நாடாளுமன்றத்தை விட்டார். ஈராக் போருக்கு எதிராக 2003 பிப்ரவரியில் பாக்தாத் போய் சதாம் ஹுசைனைப் பேட்டி எடுத்தது, போர் எதிர்ப்புக் கூட்டணிக்குத் தலைமை தாங்கியது எல்லாம் இதற்குப் பிறகு. அந்தப் பேட்டியில் கேள்விகள் மென்மையாக இருந்தன என்ற விமர்சனம் நியாயமானதே.

தேர்வுக்குழாத்தின் கதை அவரோடு முடியவில்லை. தொழிற்சங்க ஓட்டு முறையைத் திருத்தி, மூன்று தரப்புக்கும் சம பங்கு கொடுத்த பிறகு, 1994-ல் அதே குழாம், கட்சியை வலப்பக்கம் நகர்த்திய டோனி பிளேரைத் தேர்ந்தெடுத்தது. பென்னுக்கு இதைவிட எரிச்சலான முடிவு இருக்க முடியாது. 2010-ல் எம்.பி.க்களிடமும் கட்சி உறுப்பினர்களிடமும் பின்தங்கிய எட் மிலிபேண்ட், சங்க ஓட்டால் அண்ணன் டேவிட்டை ஒரு சதவீதம் சொச்சத்தில் முந்தினார். பள்ளிக் காலத்தில் பென்னிடம் உதவியாளாக வேலை பார்த்த பையன் அவர். அந்தத் தேர்தல் கிளப்பிய முணுமுணுப்பால் 2014 மார்ச் 1 அன்று சிறப்பு மாநாடு கூடித் தேர்வுக்குழாத்தை ஒழித்து, ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு என்று மாற்றியது. இரண்டு வாரத்தில், மார்ச் 14 அன்று, 88 வயதில் பென் இறந்தார். புதிய முறையில் நடந்த முதல் தேர்தலில், 2015-ல், அவருடைய நெடுநாள் தோழர் ஜெரமி கோர்பின் 59.5 சதவீதத்தோடு தலைவர் ஆனார். பென் போராடி வாங்கிய முறை இருந்தவரை அவர் அணிக்குக் கிடைக்காதது, அது போனதும் கிடைத்தது.

2021 செப்டம்பரில் அப்போதைய கட்சித் தலைவர் கீர் ஸ்டார்மர் தேர்வுக்குழாத்தைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார். இன்னொரு கோர்பின் வராமல் தடுக்க அது உதவும் என்ற கணக்கு. கடுமையாக எதிர்த்தவர்கள் கட்சியின் இடதுசாரிகள், அதாவது 1981-ல் வெம்ப்ளியில் அதே முறைக்காகக் கை தூக்கியவர்களின் வாரிசுகள். சங்கங்களும் ஒத்துழைக்காததால் ஸ்டார்மர் அதைக் கைவிட்டார். பதிலாக, தலைவர் பதவிக்கு நிற்க வேண்டுமானால் எம்.பி.க்களில் 20 சதவீதம் பேர் முன்மொழிய வேண்டும் என்ற விதியையும், எம்.பி.யைத் தொகுதிக் கட்சி மாற்றுவதைக் கடினமாக்கும் விதியையும் கட்சி மாநாட்டில் நிறைவேற்றிக்கொண்டார். அந்த மாநாடு நடந்த ஊர் பிரைட்டன்.